ஆவிகளுக்கு எமனாக வந்த அம்மையார்

1925-ஆம் ஆண்டு. அமெரிக்க நகரம் ஒன்றில், சன்னல்களெல்லாம் கனத்த திரைகளால் மூடப்பட்ட ஒரு வீட்டின் கதவைக் கறுப்பு உடையணிந்த பெண்ணொருத்தி தட்டுகிறாள். தடித்த மூக்குக் கண்ணாடி, பழைய மோஸ்தர் தொப்பி, கையில் ஒரு கைக்குட்டை. கணவனை இழந்தவள் என்பதைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். உள்ளே அழைத்துச் சென்று உட்கார வைக்கிறார்கள். விளக்கு அணைகிறது. சற்று நேரத்தில் இருளிலிருந்து ஒரு குரல்: "உன் கணவன் பேசுகிறேன். நான் இங்கே நலமாக இருக்கிறேன். நீ அழாதே." கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண் சில டாலர்களைக் காணிக்கையாக வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியேறுகிறாள்.

அடுத்த வாரம் அதே ஊரின் பெரிய நாடக அரங்கில், ஆயிரக்கணக்கான மக்கள் முன்னிலையில், அந்த வீட்டின் முகவரியும் மீடியத்தின் பெயரும், கொடுத்த காணிக்கையும், சொல்லப்பட்ட செய்தியும் உரக்கப் படிக்கப்படுகின்றன. படிப்பவர் உலகப் புகழ்பெற்ற மாயவித்தைக்காரர் ஹாரி ஹௌடினி. தகவல் கொண்டுவந்தவர் அந்தக் கறுப்பு உடைப் பெண். அவர் பெயர் ரோஸ் மக்கன்பர்க். அவருக்குக் கணவன் இறக்கவில்லை. ஏனெனில் கணவனே இருந்ததில்லை. வாழ்நாள் முழுவதும் மணம் செய்துகொள்ளாமலே இருந்தவர் அவர். ஆனாலும் தமக்கு ஆவியுலகிலிருந்து செய்தி அனுப்பிய கணவர்கள் 1,500 பேர், குழந்தைகள் 3,000 பேர் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ரோஸ் 1892-இல் பிறந்தவர்; நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்தவர். தனியார் துப்பறிவாளராகத் தொழில் செய்துவந்தார். மீடியம் ஒருவர் சம்பந்தப்பட்ட பண மோசடி வழக்கொன்றில் விளக்கம் கேட்கச் சென்றபோதுதான் ஹௌடினியின் அறிமுகம் கிடைத்தது. அவருடைய கூர்மையைக் கண்ட ஹௌடினி, ஆவி மோசடிகளைத் துப்புத் துலக்கத் தாம் அமைத்திருந்த குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் முந்நூறுக்கு மேற்பட்ட மீடியங்களை அவர் ஆராய்ந்தார். மீடியங்கள் அஞ்சியது ஆவிகளை அன்று; எந்த வேடத்தில் வருவார் என்று தெரியாத இந்த அம்மையாரைத்தான்.

இவ்வளவு மீடியங்கள் எங்கிருந்து வந்தனர்? காரணத்தைச் சாவுக் கணக்கில் பார்க்க வேண்டும். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் அமெரிக்கா மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இளைஞர்களை இழந்தது. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளின் இழப்பு அதைப் போலப் பல மடங்கு. போர் முடியும் தறுவாயில் விஷக் காய்ச்சல் வந்தது. அந்த 1918-ஆம் ஆண்டு இன்ஃபுளுயன்சாவில் அமெரிக்காவில் ஏறத்தாழ 6,75,000 பேர் மாண்டனர் என்று கணக்கிட்டுள்ளனர். உலக அளவில் ஐந்து கோடி இருக்கலாம் என்பது மதிப்பீடு. போர்க்களத்தில் இறந்த மகனின் உடலைக்கூடப் பல தாய்மார்கள் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டானே என்ற ஏக்கம் எத்தனையோ வீடுகளில் ஆறாத புண்ணாக இருந்தது. அந்த ஒரு வார்த்தையை விலைக்கு விற்றவர்களே மீடியங்கள்.

கணுக்கால் பேசிய கதை

ஆவிகளோடு பேசும் இவ்வழக்கம் அமெரிக்காவில் தொடங்கிய நாளையே குறிப்பிட்டுச் சொல்ல முடியும். 1848 மார்ச் 31. நியூயார்க் மாநிலத்தில் ஹைட்ஸ்வில் என்னும் சிற்றூரில் மார்கரெட் ஃபாக்ஸ், கேட் ஃபாக்ஸ் என்னும் இரு சிறுமியர், தம் வீட்டில் கேட்ட 'டொக், டொக்' என்ற ஓசை ஓர் ஆவியின் பதில் என்றனர். ஊர் கூடிற்று. சில ஆண்டுகளுக்குள் அவர்கள் பெரிய நகரங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆவிகளைப் பேச வைத்தனர்.

1851-இல் பஃபலோ நகரத்து மருத்துவர்கள் மூவர் இவர்களை ஆராய்ந்தனர். ஓசை மூட்டுகளிலிருந்து வருகிறது என்பது அவர்கள் கருத்து. சகோதரிகளின் கால்களை நீட்டி, குதிகால்களை மெத்தைமேல் வைக்கச் செய்தனர். ஆவி வாய் திறக்கவில்லை. கால் பழையபடி தரையில் ஊன்றியதும் ஆவிக்கும் குரல் வந்துவிட்டது! இதைவிடத் தெளிவான சோதனை வேண்டுமா? ஆயினும் அந்த அறிக்கை வந்தபின் கூட்டம் குறையவில்லை, கூடிற்று. நம்ப விரும்புகிறவனிடம் மறுப்புக்கூட விளம்பரமாக வேலை செய்கிறது.

மார்கரெட்டின் வாழ்வில் ஒரு காதலும் உண்டு. வட துருவப் பகுதியில் ஆராய்ச்சிப் பயணம் செய்து புகழ்பெற்ற மருத்துவர் எலிஷா கென்ட் கேன் 1852-இல் அவரைச் சந்தித்து மனத்தைப் பறிகொடுத்தார். "இந்த ஏமாற்றுத் தொழிலை விட்டுவிடு" என்று கடிதத்துக்குக் கடிதம் மன்றாடினார். கேனின் உயர்குலக் குடும்பமோ இந்தப் பெண்ணை ஏற்கவில்லை. 1857-இல் ஹவானாவில் கேன் இறந்தார். முப்பத்தொரு ஆண்டுகள் சென்றபின், 1888 அக்டோபர் 21-ஆம் நாள், நியூயார்க் இசையரங்கில் மேடையேறிய மார்கரெட், காலணியைக் கழற்றிவிட்டுத் தம் கால்விரல் மூட்டுகளை நெட்டி முறித்து அந்தப் பழைய 'டொக், டொக்' ஓசையை அரங்கம் முழுவதும் கேட்க எழுப்பிக் காட்டினார். நாற்பதாண்டு ஆவி, கால் கட்டைவிரலில் குடியிருந்தது தெரிந்தது. வறுமை காரணமாக மறு ஆண்டே அவர் தம் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். 1893-இல் ஏழையாக இறந்தார். அவர் தொடங்கிவைத்த தொழில் மட்டும் சாகவில்லை.

இருளில் நடப்பது என்ன?

ரோஸ் கண்டவற்றுள் சில உத்திகளை இங்கே பார்ப்போம். மேசையைச் சுற்றி அமர்ந்து ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொள்வது வழக்கம். மீடியத்தின் இடக்கையை இடப்பக்கத்தவரும், வலக்கையை வலப்பக்கத்தவரும் பிடித்திருக்கும்போது அவர் எப்படி ஏமாற்ற முடியும்? விளக்கணைந்ததும் மீடியம் இருமுவார், உடம்பை அசைப்பார். அந்த நொடியில் ஒரு கையை நழுவவிட்டு, ஒரே கையின் இரு பகுதிகளை இருவரும் பிடித்திருக்கும்படி செய்துவிடுவார். ஒருவர் மணிக்கட்டைப் பிடித்திருப்பார், மற்றவர் விரல்களைப் பிடித்திருப்பார். இருவருமே சத்தியம் செய்வார்கள். விடுபட்ட கை மணியடிக்கும், கன்னத்தைத் தடவும், தகரக் கூம்பை உயரத் தூக்கும். அந்தக் கூம்பின் வழியாகப் பேசினால் குரல் அறையின் வேறொரு மூலையிலிருந்து வருவதுபோல் தோன்றும். இருட்டில் ஒலி வரும் திசையை அறிவதில் நம் காது அவ்வளவு நம்பத்தக்கதன்று. வெண்ணிறமாக மிதந்து வரும் 'ஆவி உடல்' பெரும்பாலும் மெல்லிய மஸ்லின் துணியாகவே இருந்தது.

உறையிட்ட கடிதங்களைப் பிரிக்காமலே படிக்கும் வித்தை இன்னும் அழகானது. பத்துப் பேர் தத்தம் கேள்வியை எழுதி, உறையில் ஒட்டிக் கொடுக்கிறார்கள். மீடியம் முதல் உறையை நெற்றியில் வைத்து, "என் மகன் சுகமாக இருக்கிறானா என்று ஒரு தாய் கேட்கிறாள்" என்கிறார். கூட்டத்தில் ஒருத்தி, "ஐயோ, அது நான்தான்!" என்று அழுகிறாள். அவள் மீடியத்தின் கையாள். சரிபார்ப்பவர்போல் மீடியம் அந்த உறையைப் பிரித்துப் பார்க்கிறார். உண்மையில் அதில் இருப்பது வேறொருவரின் கேள்வி. இரண்டாம் உறையை நெற்றியில் வைக்கும்போது, சற்றுமுன் பிரித்துப் படித்த கேள்வியைச் சொல்கிறார். பிறகு இரண்டாவதைப் பிரித்து மூன்றாவதற்குத் தயாராகிறார். எப்போதும் ஒரு படி முன்னால். கையாளின் உறை கடைசியில் வரும்படி அடியில் வைத்திருந்தால் கணக்கு நேராகிவிடும். வீட்டிலேயே நண்பர்களிடம் இதைச் செய்து பார்க்கலாம்.

பெயர்கள், உறவுகள், இறந்த தேதி எல்லாம் எப்படித் தெரிகின்றன? செய்தித்தாளின் மரண அறிவிப்புகள், ஊர் முகவரிப் புத்தகம், கல்லறைக் கற்கள் ஆகியவற்றிலிருந்துதான். ஓர் ஊர் மீடியம் சேர்த்த குறிப்புகள் அடுத்த ஊர் மீடியத்துக்கும் போய்ச் சேரும். எஞ்சியதை வாடிக்கையாளரே சொல்லிவிடுவார். "ஜான், ஜேம்ஸ், ஜோசப்... 'ஜ' என்று தொடங்கும் ஒருவர்..." என்று மீடியம் இழுக்கும்போது, விதவையின் முகம் எந்தப் பெயரில் மலர்கிறதோ அந்தப் பெயரில் நிற்க வேண்டியதுதான். தப்பிய ஊகங்களை அவள் மறந்துவிடுவாள். பொருந்திய ஒன்றை ஊர் முழுவதும் சொல்வாள்.

இவற்றையெல்லாம் கண்டுபிடிக்க ரோஸ் கையாண்டது எளிய வழி. அவர்கள் எதிர்பார்க்கும் ஆளாகவே போய் உட்கார்ந்தார். நாட்டுப்புறப் பள்ளி ஆசிரியை, வேலைக்காரி, சந்தேகப் பிராணியான மனைவி, விதவை என்று நாளுக்கொரு வேடம். ஹௌடினி ஓர் ஊருக்கு வரும் முன்பே, சுமார் பத்து நாள் முந்தி அவர் அங்கே போய்விடுவார். பொய்ப் பெயர்களிலும் அவருக்குக் குறும்பு உண்டு. ஒரு பெயர் 'பிரான்சிஸ் ராட்'. முதலெழுத்தோடு சேர்த்துச் சொன்னால் ஆங்கிலத்தில் 'ஃப்ராட்', அதாவது மோசடி! எதிரே இருப்பவர் மனத்தைப் படிப்பதாகச் சொன்ன ஒருவருக்காவது இந்தப் பெயரைப் படிக்கத் தெரியவில்லை. பணம் கட்டியவருக்கு ஆவியுலகச் சபைகள் குருப்பட்டமும் கொடுத்தன. அப்படி ஆறு முறை பட்டம் பெற்ற ரோஸை அவருடைய குழுவினர் 'சாமியார்' என்ற பொருளில் 'ரெவரண்ட்' என்றே கேலியாக அழைத்தனர்.

ஒரு தாயின் கடிதம்

ஹௌடினி இப்போரில் இறங்கியதன் பின்னணியில் ஒரு சொந்தத் துயரம் இருந்தது. 1874-இல் புடாபெஸ்டில் பிறந்த அவருடைய இயற்பெயர் எரிக் வைஸ். தாயின்மீது அளவற்ற பாசம் கொண்டவர். 1913-இல் தாய் இறந்தபோது அவர் ஐரோப்பாவில் இருந்தார். கடைசி வார்த்தை கேட்கக் கிடைக்கவில்லை. அவரும் மற்ற ஏக்கக்காரர்களைப் போல மீடியங்களிடம் சென்றார். சென்ற இடத்திலெல்லாம் கண்டவை, தாமே ஒரு காலத்தில் செய்த தந்திரங்கள். ஆம், 1890-களின் இறுதியில், பிழைப்புக்கு வழியில்லாத நாட்களில், ஹௌடினியும் மனைவி பெஸ்ஸும் கான்சாஸ் மாநிலத்தில் 'ஆவிகளோடு பேசி'ப் பணம் வாங்கியவர்களே. கல்லறைகளைச் சுற்றிப் பெயர்களைக் குறித்துவந்தவர்களே. பின்னாளில் அதைச் சொல்ல அவர் தயங்கவில்லை.

1922 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு நிகழ்ச்சி. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் அவருடைய நண்பர். மகன் கிங்ஸ்லியை 1918-இல் பறிகொடுத்த டாயில், ஆவியுலகை முழுமூச்சாக நம்பினார். அவருடைய மனைவி பென்சிலை எடுத்து, ஆவேசம் வந்தவர்போல் பதினைந்து பக்கம் எழுதித் தள்ளினார். ஹௌடினியின் தாய் மகனுக்கு அனுப்பிய கடிதம் என்றார்கள். முதலில் ஒரு சிலுவைக் குறி. பிறகு தங்குதடையற்ற ஆங்கிலம். ஹௌடினியின் தாயோ யூத குருவின் மனைவி. ஆங்கிலம் எழுதத் தெரியாதவர். அன்று தாயின் பிறந்த நாள் வேறு. கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நட்பு முறிந்தது.

இதில் டாயிலின் மனைவி வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. இதற்கு எழுபதாண்டுகளுக்கு முன்பே, 1853-இல், மைக்கேல் ஃபாரடே இதற்கான விளக்கத்தைத் தந்துவிட்டார். பலர் கைவைத்தால் மேசை தானே நகர்வதாகச் சொன்னார்களே, அதை அவர் சோதித்தார். இரண்டு பலகைகளுக்கு நடுவே கண்ணாடி உருளைகளை வைத்து மேசைமீது பொருத்தி, மேல் பலகையில் கைவைக்கச் சொன்னார். மேசை முதலில் நகர்ந்தால் மேல் பலகை பின்தங்கும். கை முதலில் தள்ளினால் மேல் பலகை முந்தும். முந்தியது மேல் பலகையே. அதைவிட முக்கியமானது அடுத்த கட்டம். பலகையின் நகர்வைக் காட்டும் ஒரு முள்ளை இணைத்து, அதைப் பார்த்துக்கொண்டே கைவைக்கச் சொன்னதும் மேசை நின்றுவிட்டது. தம் கை தள்ளுவது அவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. தெரிந்தவுடன் தள்ளல் நின்றது. நேர்மையானவரும் தம் தசைகளால் ஏமாறலாம். பென்சில் பிடித்த கைக்கும் இதே கதைதான். காசுக்காக விளக்கணைப்பவர் கதை வேறு. ரோஸ் அம்மையாரின் வேலை இந்த இரண்டாம் வகையினரிடம்தான்.

1926-இல் இப்போர் அமெரிக்கக் காங்கிரஸ் வரை சென்றது. தலைநகர் வாஷிங்டனில் காசுக்குக் குறி சொல்வதைத் தடை செய்யும் மசோதா ஒன்று குழுவின்முன் விசாரணைக்கு வந்தது. மீடியங்களும் சோதிடர்களும் அறையை நிறைத்திருந்தனர். பத்தாயிரம் டாலரை எடுத்து வைத்து, மடித்த ஒரு தந்தியைக் காட்டி, "இதில் என்ன எழுதியிருக்கிறது, யாராவது சொல்லுங்கள்" என்று சவால் விட்டார் ஹௌடினி. பணம் அவரிடமே இருந்தது. ரோஸ் சாட்சி சொன்னபோதுதான் புயல் வீசிற்று. வாஷிங்டன் மீடியம் ஒருவர், செனட்டர்கள் தம்மிடம் வருகிறார்கள் என்றும், வெள்ளை மாளிகையிலேயே ஆவிக் கூட்டங்கள் நடந்தன என்றும் தம்மிடம் கூறியதை அவர் குழுவின்முன் அப்படியே சொன்னார். கூச்சல் எழுந்தது. வெள்ளை மாளிகை மறுத்தது. எதிர்த்தரப்பு ஹௌடினியை மிருகம் என்றும் பைத்தியம் என்றும் ஏசிற்று. அவர் தம் மனைவியைச் சாட்சியாக அழைத்தார். வருகிற ஜூன் 22 வந்தால் நமக்கு மணமாகி முப்பத்திரண்டு ஆண்டு, இத்தனை காலத்தில் நான் நல்ல பையனாக நடந்துகொள்ளவில்லையா என்று எல்லாருக்கும் முன்பாகக் கேட்டார். ஆம் என்றார் பெஸ். அந்தத் தடித்த விசாரணைப் பதிவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சட்டம் நிறைவேறவில்லை. ஆவி பேசுவது எங்கள் மதம் என்ற வாதத்தின் முன் அது தளர்ந்துபோயிற்று.

அவ்வாண்டே அக்டோபர் 31-ஆம் நாள், குடல்வால் வெடித்து வயிற்றில் பரவிய நஞ்சால் ஹௌடினி டெட்ராய்ட் நகரில் இறந்தார். முடியுமானால் திரும்பி வந்து பேசுவேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். வருவது தாம்தான் என்று உறுதிப்படுத்த இருவருக்குமிடையே ஒரு ரகசியச் சொல் இருந்தது. மேடையில் மனத்தைப் படிக்கும் வித்தைக்காக அவர்கள் பயன்படுத்திய குறிமுறையில் அமைந்தது அது. அதில் 'ப்ரே' என்றால் 1, 'ஆன்சர்' என்றால் 2, 'டெல்' என்றால் 5, 'லுக்' என்றால் 9. ஆன்சர், டெல், ப்ரே-ஆன்சர், லுக், டெல், ஆன்சர்-ஆன்சர், டெல் என்ற வரிசை 2, 5, 12, 9, 5, 22, 5 என்றாகிறது. ஆங்கில நெடுங்கணக்கில் அந்த எண்களுக்குரிய எழுத்துக்களைக் கூட்டிப் பார்த்தால் 'பிலீவ்', நம்பு! வரிசைக்கு முன்னால் ஒரு பெயர்: 'ரோசபெல்'. அவர்கள் சந்தித்த 1894-ஆம் ஆண்டில் பெஸ் மேடையில் பாடிய பாட்டின் பெயர் அது.

1929 ஜனவரியில் ஆர்தர் ஃபோர்டு என்னும் மீடியம் இந்த வரிசையைச் சரியாகச் சொல்லிவிட்டார். நோயுற்றிருந்த பெஸ், செய்தி சரியே என்று கையொப்பமிட்டுக் கொடுத்தார். பத்திரிகைகள் அமர்க்களப்படுத்தின. ஆனால் அந்த எண்–சொல் திறவுகோல் 1928-இல் வெளியான ஹௌடினி வாழ்க்கை வரலாற்றிலேயே அச்சாகியிருந்தது! பாட்டின் பெயரும் பெரிய ரகசியமன்று. பின்னர் பெஸ் தம் கூற்றை மறுத்து, தமக்கு எந்தச் செய்தியும் வரவில்லை என்றார். ஆயினும் கணவரின் படத்தருகே ஒரு விளக்கை எரியவிட்டு, ஆண்டுதோறும் காத்திருந்தார். 1936 அக்டோபர் 31 இரவு, ஹாலிவுட் ஓட்டல் ஒன்றின் மொட்டை மாடியில் கடைசிக் கூட்டம் நடந்தது. மணி அடிக்கவில்லை; கூம்பு நகரவில்லை. எந்த ஆணுக்காகவும் பத்தாண்டு காத்திருந்தது போதும் என்று சொல்லி அந்த விளக்கை அவர் அணைத்தார். 1943-இல் காலமானார்.

ரோஸ் தம் விளக்கை அணைக்கவில்லை. ஹௌடினி போனபின் மேடையை அவரே ஏற்றார். 1930-களிலும் 1940-களிலும் ஊர் ஊராகச் சென்று, தகரக் கூம்பையும் மஸ்லின் துணியையும் வெளிச்சத்தில் வைத்து, ஒவ்வொரு தந்திரத்தையும் செய்து காட்டிப் பேசினார். வேலைக்குக் குறைவில்லை, ஏனெனில் இரண்டாம் உலகப் போர் புதிய விதவைகளையும், மகனை இழந்த தாய்மாரையும் கொண்டுவந்து சேர்த்திருந்தது. ஆயிரம் மோசடிகளின் முகத்திரையைக் கிழித்ததைப் பற்றி 1951-இல் பெரிய வார இதழ் ஒன்றில் அவர் எழுதியபோது வயது ஐம்பத்தொன்பதை நெருங்கியிருந்தது. 1968-இல் இறந்தார்.